சளிக்குக் கேட்கும் கேப்சூலும் தாத்தாவின் தடுமாற்றமும்



மழை பிடித்துக்கொண்டால் போதும், நம் டிஸ்பென்சரியில் உட்காரப் பெஞ்சு போதாது. பிரட்டு கலைந்ததும் வரிசை நிற்கும். மூக்கு ஒழுகும் பிள்ளையோடு ஒரு தாய், தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன், இருமிக்கொண்டே மண்டோர். எல்லார் வாயிலும் ஒரே பேச்சுத்தான்: "ஐயா, தண்ணி மருந்து வேணாம். அந்த ரெண்டு கலர் கேப்சூல் குடுங்க. அதுதான் எனக்குக் கேக்கும்."

கொடுக்காவிட்டால் கோபம் வருகிறது. "டிரஸருக்கு நல்ல மருந்து குடுக்க மனசு வரல" என்று லயத்தில் பேச்சு. பேசட்டும். ஏன் கொடுக்கவில்லை என்பதை இன்று எழுதியே வைத்துவிடுகிறேன். ஒரு குடும்பத்தில் நடந்ததை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தங்கச்சி சளி இருமலோடு வந்தாள். காய்ச்சல் இல்லை, மூச்சு சுத்தமாக இருந்தது. "கேப்சூல் வேண்டாம்மா, ஒரு வாரம் பார்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், பக்கத்து வீட்டில் மிச்சம் கிடந்த கேப்சூலில் எட்டை வாங்கினாள். தான் நாலு போட்டாள். இருமிக்கொண்டிருந்த மாமனாருக்கு நாலு கொடுத்தாள். ரெண்டு பேருக்கும் இருமல் தானாகவே நின்றது. புகழ் கேப்சூலுக்குப் போயிற்று! அந்த மாமனாரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கேப்சூல் எதைக் கொல்லும்?

நீங்கள் கேட்கும் அந்தக் கேப்சூலுக்கு ஆன்டிபயாட்டிக் என்று பெயர். அது பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும். சளி, தடுமன், ஃப்ளூ காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, நெஞ்சுச் சளி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸ் என்ற வேறு கிருமியால் வருகின்றன. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. களைக்கு அடிக்கிற மருந்தை எலிக்கு அடித்தால் எலி சாகுமா? அதே கதைதான்.

"சளி பச்சையா வருதே, மஞ்சளா வருதே" என்பார்கள். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது. சாதாரணத் தடுமனிலும் சளி கெட்டியாகி நிறம் மாறும்.

இன்னொன்று, இருமலுக்கு நாம் கொடுக்கும் தவணை மிகவும் குறைவு. ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நெஞ்சுச் சளியோடு வரும் சாதாரண இருமல் நிற்கச் சராசரியாக 18 நாள் ஆகிறது என்று 2013-இல் அமெரிக்காவில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆகவே, எட்டாம் நாள் கேப்சூல் போட்டவன் பதினெட்டாம் நாள் தேறினால், அது மருந்தின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது.

அதற்காக எல்லா இருமலையும் அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அது காசநோயாக இருக்கலாம். காசநோய்க்கு மருந்து வேறு, அதைச் சாதாரணமாக 6 மாதம் சாப்பிட வேண்டும். சில வகை ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி போட்டால் காசநோய் கொஞ்ச நாள் அடங்கினாற்போல் இருந்து, கண்டுபிடிப்பதே தாமதமாகிவிடும். மூச்சு வாங்கினால், நெஞ்சில் குத்து வலி இருந்தால், சளியில் ரத்தம் வந்தால், மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் இறங்காவிட்டால், உடனே வாருங்கள். நிமோனியா என்றால் ஆன்டிபயாட்டிக்தான் உயிர் காக்கும். அதை மறுக்க மாட்டோம்.

கிருமியும் பாடம் படிக்கும்

பென்சிலினை 1928-இல் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோது அவரே ஓர் எச்சரிக்கை கொடுத்தார். அளவு குறைவாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்பது அதன் சாரம். நாம் அதைத்தானே செய்கிறோம்? பக்கத்து வீட்டு மிச்சத்தில் நாலு, மனைவிக்குக் கொடுத்ததில் ரெண்டு!

மருந்தைத் தாங்கப் பழகிய பாக்டீரியாவால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022-இல் வெளியான ஓர் உலகக் கணக்கு சொல்கிறது. நம் நாட்டில் ஆன்டிபயாட்டிக் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. எந்த நோய்க்கு எதைக் கொடுப்பது என்று டாக்டர்களுக்குச் சுகாதார அமைச்சு வழிகாட்டி நூலே போட்டிருக்கிறது. எங்கள் கஞ்சத்தனம் இதில் ஒன்றும் இல்லை.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், கூட்டம் சீக்கிரம் கலையட்டும் என்று நானும் கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். விளக்கம் சொல்ல பத்து நிமிஷம், கேப்சூல் எண்ணிப் போட அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்கு ஆசைப்பட்டது தப்பு.

உங்கள் அவசரமும் எனக்குத் தெரியும். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம். அதனால்தான் "சீக்கிரம் கேக்கிற மருந்து" தேடுகிறீர்கள். தோழர்களே, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட சேவைக்கு 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். காய்ச்சலோடு செம்பனைக் காட்டில் குலை தூக்குவதை விட, டாக்டரிடம் காட்டி எம்.சி. எடுத்து இரண்டு நாள் படுத்திருப்பதே மேலான வைத்தியம்.

மூன்றாம் நாள் இரவு

இப்போது அந்த மாமனாரிடம் வருகிறேன். 74 வயது. பால்மரக் காலத்திலிருந்து உழைத்த உடம்பு. ஒரு ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பேரப்பிள்ளைகளோடு சிரித்துப் பேசினார்.

மூன்றாம் நாள் இரவு அவர் வேறு ஆளாகிவிட்டார். "பிரட்டுக்கு நேரமாச்சு, வாளிய எடு" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைப் பிடுங்கினார். செத்துப் பல வருஷமான மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விடிந்ததும் அடங்கிப்போய், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடினார். "பாவம், நல்லா தூங்குறார்" என்று இருந்துவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் காத்து கருப்பு என்று சொல்லித் திருநீறு கொண்டுவந்தார். மகன், "அப்பாவுக்குப் பைத்தியம்னு எழுதிப் போட்டுடுவாங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றான்.

அன்று மாலை அந்த மருமகள் எனக்குப் போன் செய்தாள், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அதே தங்கச்சி. "மூச்சு எப்படிம்மா விடுறார்? கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணு" என்றேன். எண்ணினாள்: 32. எனக்குத் திக்கென்றது. "இப்பவே மிஸ்ஸிகிட்ட போய் சொல்லு" என்றேன்.

"மலாய்ல எப்படி சொல்றதுன்னு தெரியலையே ஐயா..."

"பாபா சாயா திபா-திபா கெலிரு, நாஃபாஸ் லாஜுன்னு சொல்லு. அப்பாவுக்குத் திடீர்னு புத்தி தடுமாறுது, மூச்சு வேகமா இருக்குன்னு அர்த்தம். அவ்வளவு போதும்."

சொன்னாள். மிஸ்ஸி வந்தார், டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா! ஆக்சிஜன் வைத்து, ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். முதலில் ஏற்றியது சரியாகக் கேட்கவில்லை, இரண்டு நாள் கழித்து வேறொன்றுக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் எழுத வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் தாத்தாவுக்குத் தெளிவு வந்தது.

அன்று வீட்டில் போட்ட நாலு கேப்சூல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. யாராலும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். நம் வீட்டுக் கிழவர் கிழவிக்கு உயிர்ப் போராட்டம் வரும் நாளில் வேலை செய்ய வேண்டிய மருந்து அது. சளிக்கும் தடுமனுக்கும் வாரியிறைத்து அதை மொட்டையாக்கிவிடக் கூடாது.

பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல

ஆப்பரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் இந்தப் புத்தித் தடுமாற்றத்தை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆப்பரேஷன் செய்துகொள்ளும் முதியவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டும். பகலில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறி மாறி வரும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கத்துவது, பிடுங்குவது, எழுந்து ஓடப் பார்ப்பது. இது எல்லார் கண்ணிலும் படும். மற்றது, பேசாமல் கொள்ளாமல் சுருண்டு கிடப்பது. "தொந்தரவு இல்லாத நோயாளி" என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும்.

உடம்பில் எங்கோ ஒரு கோளாறு நடக்கிறது என்று மூளை அடிக்கும் மணிதான் இந்தத் தடுமாற்றம். நெஞ்சில் கிருமி, மூத்திரத்தில் கிருமி, மூத்திரக் கட்டு, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுதல், அடக்க முடியாத வலி, தூக்கமின்மை, சர்க்கரை இறங்குதல், சில மருந்துகள் என்று காரணம் பல இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

முக்கியமாக இதைக் கவனியுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் இல்லாமலே இருக்கலாம். புத்தி தடுமாறுவது ஒன்றே முதல் அறிகுறியாக இருக்கலாம். நிமோனியா எவ்வளவு கடுமை என்று பார்க்க 2003-இல் டாக்டர்கள் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து கேள்விகள்: புத்தி தடுமாறுகிறதா, ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதா, வயது 65-ஐ எட்டிவிட்டதா? முதல் கேள்வி எது என்று பார்த்தீர்களா? அந்த மருமகள் அறியாமலே அதில் இரண்டுக்கு விடை சொல்லிவிட்டாள்.

பெரும்பாலோருக்கு இந்தத் தடுமாற்றம் சில நாளில் அல்லது சில வாரத்தில் தெளியும். சிலருக்கு ஞாபகம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, பெரிய ஆப்பரேஷன் செய்துகொண்ட 1218 பேரைப் பரிசோதித்து 1998-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. ஒரு வாரம் கழித்து நாலு பேரில் ஒருவருக்கு நினைவும் சிந்தனையும் மந்தமாக இருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு அப்படியே இருந்தது. ஆகவே, வீட்டுக்கு வந்த பெரியவர் கணக்கை மறந்தாலும் சாவியைத் தொலைத்தாலும் திட்டாதீர்கள். பொறுமையாக இருங்கள். தேறாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

"நாம படிக்காதவங்க, நம்மால என்ன முடியும்?" என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் 852 முதியவர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். 1999-இல் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு அதோடு சின்னச் சின்ன உதவிகள்: நாள், இடம் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது, நடக்க வைப்பது, இரவில் தூங்க விடுவது, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது. வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 15 பேருக்குத் தடுமாற்றம் வந்தது. உதவி பெற்ற பிரிவில் சுமார் 10 பேருக்குத்தான் வந்தது. இதில் எது நம்மால் முடியாது?

1. மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கண் தெரியாமல், காது கேட்காமல் புது இடத்தில் கிடந்தால் நமக்கே குழப்பம் வரும்.

2. தமிழில் பேசுங்கள். வார்டில் சுற்றிலும் மலாயும் இங்கிலீஷும்தான். தோட்டத்திலேயே வாழ்ந்த பெரியவருக்குத் தாய்மொழிதான் தெளிவு. "அப்பா, இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. காலுக்கு ஆப்பரேஷன் ஆயிடுச்சு. நான் உங்க மகள், பக்கத்திலேயே இருக்கேன்" என்று அடிக்கடி சொல்லுங்கள். தவறாகப் பேசினால் சண்டை பிடிக்காதீர்கள், பயமுறுத்தாதீர்கள்.

3. டாக்டர் அனுமதித்தவுடன் உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். "வயசானவர், படுக்கட்டும்" என்பது அன்பு மாதிரி தெரியும். ஆனால் படுத்தே கிடந்தால் சளி நெஞ்சில் தேங்கி நிமோனியா பிடிக்கும். மணிக்கொரு தடவை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள், இருமித் துப்பச் சொல்லுங்கள். வலித்தால் மிஸ்ஸியிடம் சொல்லி வலி மருந்து கேளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு மூச்சை அடக்குவது வீரமல்ல.

4. காலையும் இரவும் பல் தேய்த்துவிடுங்கள். வாய் அழுக்கு நெஞ்சுக்குள் இறங்கும். சாப்பாடும் தண்ணீரும் நிமிர்த்தி உட்கார வைத்த பிறகே.

5. சிகரெட்டு, சுருட்டு பிடிப்பவர் ஆப்பரேஷன் தேதி தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும். நாலு வாரத்துக்கு முன்பே நிறுத்தினால் நெஞ்சுக்கு நல்லது.

6. சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, கடை மருந்து, பக்கத்து வீட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சில இருமல் தண்ணி மருந்துகளும் சளி மாத்திரைகளும், குளோர்ஃபெனிரமின் போன்றவை, வயதானவர்களின் புத்தியைக் குழப்பும், மூத்திரத்தைக் கட்டும். சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மனக்குழப்பம் தரலாம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மிச்ச கேப்சூல் விளையாட்டுச் சாமான் இல்லை என்பதற்கு இது இன்னொரு காரணம்.

7. சம்சு விஷயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருஷமாகச் சம்சுவை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறது. அப்படியும் நம் வீடுகளில் அது ஒழியவில்லை. தினம் குடித்தவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று குடி இல்லாமல் கிடந்தால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் கேட்டால் வெட்கப்பட்டு "குடிக்க மாட்டார்" என்று சொல்லாதீர்கள். உண்மை தெரிந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

8. இருமலும் சளியும் உள்ளவர் வார்டுக்குப் போகவே வேண்டாம். போயே தீர வேண்டுமானால் முகக்கவசம் போடுங்கள். இது புதிய கதையல்ல. நம் ஜார்ஜ் டவுனில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது துணி முகக்கவசம் கட்டச் சொன்னார். அப்போது ஆன்டிபயாட்டிக் ஒன்றும் கிடையாது. சுமார் 60,000 பேர் மாண்ட அந்த நோய், முகக்கவசம், நோயாளியைத் தனியே வைத்தல், போக்குவரத்துத் தடை ஆகியவற்றால் 1911-இல் அடங்கியது. பினாங்கு மண்ணின் பிள்ளை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததை நாம் செய்யாமல் இருக்கலாமா?

தோழர்களே, தாய்மார்களே! கேட்க வேண்டாத இடத்தில் நாம் சத்தம் போட்டுக் கேட்கிறோம். கேட்க வேண்டிய இடத்தில் வாய் மூடி நிற்கிறோம். இதை மாற்றிக்கொள்வோம். சளிக்குக் கேப்சூல் கேட்காதீர்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் சொன்ன வேளைக்கு, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள், பங்கு போடாதீர்கள். ஆப்பரேஷன் ஆன பெரியவர் நேற்று இருந்தபடி இன்று இல்லை என்றால், பகலோ இரவோ, உடனே மிஸ்ஸியிடம் போய்ச் சொல்லுங்கள். "நேத்து இப்படி இல்ல" என்று சொல்ல வார்டில் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. மிஸ்ஸிக்கு அவர் மூன்று நாள் பழக்கம், உங்களுக்கு ஆயுள் பழக்கம்.

அந்தத் தாத்தா இப்போது கோலூன்றி டிஸ்பென்சரிக்கு வருகிறார். போன வாரம் மருமகளும் வந்திருந்தாள், சளியோடுதான். "கேப்சூல் வேணுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாங்கய்யா. மாமாவுக்கு வேண்டி வரும், இருக்கட்டும்" என்றாள்.